நூறு வருஷம் நிற்கும்

"பாலம் இன்னிக்கும் சரியாகலை தம்பி" என்றார் மேஸ்திரி, சாந்துச் சட்டியை அவன் காலடியில் வைத்தபடி.

இதையேதான் பன்னிரண்டு நாளாகச் சொல்கிறார். அவன் தலையாட்டிவிட்டு அடுத்த செங்கல்லை எடுத்தான்.

கடல் தாண்டி வந்து, முன்பின் தெரியாத கிராமத்தில் சம்பளமில்லாமல் பள்ளிக்கூடம் கட்டும் பதினொரு பேரில் அவனும் ஒருவன். அங்கே தமிழ் பேசுகிறவர் மேஸ்திரி மட்டும்தான். பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மற்றவர்கள் பிள்ளைகளுக்காக வந்தார்கள். அவன் ஒரு சுவரைப் பார்க்க வந்திருந்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அவன் மனைவி இதே குழுவோடு வந்து கட்டிய சுவர். அது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது என்று முதல் நாளே மேஸ்திரி சொல்லிவிட்டார். அவள் அனுப்பிய படம் இன்னும் போனில் இருக்கிறது. செங்கல் ஒன்றில் ஆணியால் 'மண்டு' என்று கீறிவிட்டு, பல்லெல்லாம் தெரிய நிற்கிறாள். வீட்டில் அவனை அவள் கூப்பிடுவது அப்படித்தான்.

"உன் பேரைச் சுவத்துல ஏத்திட்டேன். நூறு வருஷம் நிக்கும்" என்று கீழே எழுதியிருந்தாள்.

அவள் இறந்து எட்டு மாதம். அவன் இன்னும் அழவில்லை. அந்தச் சுவரை ஒரு தடவை தொட்டால் வரலாம் என்றுதான் டிக்கெட் போட்டான்.

கையிலிருந்த கல்லில் காய்ந்த சாந்து ஒட்டியிருந்தது. கரண்டியால் சுரண்டினான். எல்லாக் கல்லும் இப்படித்தான்.

"புதுக் கல்லே கிடைக்காதா மேஸ்திரி?"

"புதுக் கல்லு புது மாப்பிள்ளை மாதிரி தம்பி, முறுக்கிக்கிட்டு நிக்கும். பழசுதான் சொன்ன பேச்சு கேக்கும்."

அவன் சிரிக்கவில்லை. மேஸ்திரி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"விடிஞ்சா எனக்கு பிளைட்."

"தெரியும் தம்பி."

"பாலம் இல்லைன்னா என்ன, நீந்திப் போயிடறேன். வழி மட்டும் சொல்லுங்க."

"முதலை கிதலை இருக்கும். உங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?" மேஸ்திரி ரசமட்டத்தை எடுத்துச் சுவரில் வைத்துப் பார்த்தார். இப்போதுதான் பார்த்த இடம்.

மாலைக்குள் கடைசி வரிசைக்கு வந்துவிட்டார்கள். குவியலில் பத்து இருபது கல்தான் மிச்சம். ஒன்றை எடுத்துச் சுரண்டியபோது சாந்துக்கு அடியில் ஒரு கீறல் தெரிந்தது. இன்னும் சுரண்டினான்.

மண்டு.

கட்டைவிரலால் எழுத்தைத் தடவினான். அப்போதும் அழுகை வரவில்லை.

"அக்கரைக் கல்லு இங்கே எப்படி வந்துச்சு மேஸ்திரி?"

மேஸ்திரி கல்லைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் நாளே அந்தப் படத்தை அவன் அவரிடம் காட்டியிருந்தான்.

"சரி, விடுங்க. இங்கேயாவது நூறு வருஷம் நிக்கட்டும்."

சாந்தைப் பரப்பி, எழுத்து வெளியே தெரியும்படி கல்லைத் தூக்கினான். மேஸ்திரி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அதைப் பையில போட்டுக்குங்க தம்பி. அடுத்த குழு வந்து கட்டணுமே, நாளைக்கு இதையும் இடிச்சிடுவோம்."