நாலாயிரம் மைல் கார்

கருமுகில் வண்ணத்தில் நின்றது அந்த டர்போ கார். முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஓடியது நாலாயிரம் மைல். மிச்சிகன் சாலைகளில் பனியை உருக்கத் தூவும், வண்டியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பு அதன்மேல் ஒருநாளும் பட்டதில்லை. இன்றே அது கைமாற வேண்டும் என்பதில் லொரெட்டா உறுதியாக இருந்தாள். முதியவர் வெண்டலோ குறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நாலாயிரம் மைல்னா பெருமையா? நின்னே கெட்டுப்போயிருக்கும்.”

“கெடுறது ரப்பர் குழாய்தான், வெண்டல். மாத்திட்டா தீர்ந்துது.”

“ஆக்சிலரேட்டரை மிதிச்சா டர்போ தூங்கி எழுந்துதான் வேகம் தரும்.”

“எழுந்தப்புறம் இதைப் பிடிக்க இந்த ஊர்ல வண்டி ஏது?”

“உள்ளே கூரைத் துணி தொங்குது, பாருங்க.”

“கூரையைப் பாத்துக்கிட்டா ஓட்டுவாங்க?”

வெண்டல் குனிந்து சக்கரத்தருகே இன்னொரு குறையைத் தேடினார். லொரெட்டா கைப்பையிலிருந்து காசோலைப் புத்தகத்தை எடுத்தாள்.

“கேட்ட விலைக்கே எடுத்துக்கறேன். சாவியைக் குடுங்க.”

வெண்டலின் கை தம் சட்டைப்பையை இறுகப் பொத்தியது.

“விக்க மனசில்லாதவர் ஏன் விளம்பரம் குடுத்தீங்க?”

“நான் எங்கேம்மா குடுத்தேன்? குடுத்தது என் சம்சாரம்.”

லொரெட்டா பேனாவைத் திறந்தாள்.

“அப்போ அவங்களைக் கூப்பிடுங்க. செக்ல யார் பேர் எழுதறதுன்னு அவங்ககிட்டயே கேட்டுக்கறேன்.”