கரைக்குப் பதில் சொல்லாத வெளிச்சம்

மாமல்லபுரத்துக் கடற்கரையில் இன்னும் விடியவில்லை. ரஷ்யர்கள் நாயை ஏற்றி அனுப்பிய செயற்கைச் சந்திரனைப் பார்க்க, திருக்கழுக்குன்றத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து நிற்கிறான் ஆராவமுதன். பக்கத்தில், புயலுக்குப் பின் திரும்பாத கணவனின் சரக்குத் தோணிக்காக ஜஹனாரா அரிக்கேன் விளக்கோடு நிற்கிறாள். கடல் விளிம்பில் ஒரு வெளிச்சம் நகர்கிறது. "அண்ணாத்த, அவரு தோணி வெளக்கு! வந்துகினு கீறாரு. நீயும் கையாட்டு, அவருக்குக் கண்ணு சரியா தெரியாது!" கரையில் விளக்கை ஆட்டினால் தோணிக்காரர்கள் தங்கள் விளக்கைத் தாழ்த்திக் காட்டுவது வழக்கம். அவள் ஆட்டுகிறாள், அது தாழவில்லை. அது தோணியில்லை, அந்தச் செயற்கைச் சந்திரன் என்று அவனுக்குத் தெரியும். உள்ளே நாய் செத்துப்போனதாகப் பத்திரிகையில் படித்திருக்கிறான். ஆனாலும் அவனும் கையைத் தூக்குகிறான். வெளிச்சம் தண்ணீரை விட்டு வானத்தில் ஏறுகிறது. "இன்னா அண்ணாத்த, மேல போவுது?" என்கிறாள். அவள் கை மட்டும் விளக்கை ஆட்டுவதை நிறுத்தவில்லை.