இல்லாத கிளட்ச்

லோகநாயகிக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை. பத்து வருஷமாக அவள் ஓட்டிய கியர் காரை, ஒரு வார்த்தை கேட்காமல் தன் தம்பி தலையில் கட்டிவிட்டு, ஆட்டோமேட்டிக் வாங்கி வந்திருந்தான் புருஷன் கௌரிசங்கர்.

"முழங்கால் வலிக்குன்னு நீதான சொன்ன?"

"வலிச்சா என் காலு. உங்களுக்கென்ன?"

குற்றாலத்துச் சீசன் நெரிசலில் புது வண்டி தானாக ஊர்ந்தது. அவளுடைய இடது கால் பழக்கத்தில் கிளட்ச்சைத் தேடியது. அங்கே வெறும் கால்மிதிதான். எரிச்சலில் அதையே ஓங்கி மிதித்து, அப்படியே அழுத்திக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. கௌரிசங்கர் ஸ்பீக்கரில் போட்டான். தம்பிதான்.

"மதினி, உங்க பழைய வண்டியோட கடையம் ரோட்டுல நடுவுல நிக்கேன். கிளட்ச்சு தானா உள்ள போயிட்டு. வண்டி நகர மாட்டேங்கு, சும்மா உறுமுது. பின்னால லாரிக்காரன் ஹாரனா அடிக்கான்."

லோகநாயகி காலை எடுத்தாள்.

"ஆங், இப்ப மேல வந்துட்டு மதினி."

கௌரிசங்கர் சிரித்தான். "லே, இவ கண்டபடி மிதிச்சு மிதிச்சு கிளட்ச்ச நாசம் பண்ணிட்டால்லா!"

லோகநாயகி அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்த வெறும் கால்மிதியின்மேல் இடது காலை வைத்து நிதானமாக அழுத்தினாள். போனுக்குள் என்ஜின் அலறியது.

"ஐயோ மதினி, திரும்பவும் போயிட்டு!"

அவள் காலை எடுக்கவில்லை.