ரெகுலேட்டர்

மலைநாட்டுக்கும் கடல்நாட்டுக்கும் ஒரே நாணயம். அதற்கு வட்டி முடிவுசெய்யும் அறையில் ஒரே மின்விசிறி. ரெகுலேட்டரைத் தொடும் உரிமை பொது வங்கியின் ஆளுநர் பூங்கோதைக்கு மட்டும்தான். அது எந்த எண்ணில் நிற்கும்போது இரு நாட்டு நிதியமைச்சர்களும் முனகாமல் இருக்கிறார்களோ, அந்த எண்தான் வட்டி. ஜன்னல்கள் மட்டும், பட்ஜெட்டைப் போல, அவரவர் பொறுப்பு. அடுத்தவர் ஜன்னலைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

அன்று மாலைக்குள் முடிவாகாவிட்டால் பொது நாணயமே கலைந்துவிடும் என்ற நிலை. மலைநாட்டு அமைச்சர் நஞ்சப்பன் தன் ஜன்னலை விரியத் திறந்துவைத்துக்கொண்டு சால்வைக்குள் நடுங்கினார்.

"குறைங்கம்மா, விறைக்குது."

கடல்நாட்டு அமைச்சர் பிலோமினா, காகிதம் பறக்குமென்று தன் ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தார்.

"கூட்டுங்க மேடம், வேகுது."

பூங்கோதை திருகியதும் குமிழ் கையோடு வந்துவிட்டது. விசிறி தன்பாட்டுக்கு அதே வேகத்தில் சுற்றியது. அவர் குமிழைச் சட்டென்று உள்ளங்கையில் மறைத்துக்கொண்டார்.

"வெச்சாச்சு. இனிமே தொட மாட்டேன்."

அந்தக் கண்டிப்பில் இருவரும் அடங்கிப்போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து, நஞ்சப்பன் காக்கையை விரட்டுவதுபோல் எழுந்துபோய்த் தன் ஜன்னலைப் பாதி சாத்தினார். பிலோமினா காகிதங்களின்மேல் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டுத் தன் ஜன்னலைத் திறந்தார். சால்வை நாற்காலிக்குப் போயிற்று. பிலோமினா டீ கேட்டார்.

"இப்ப சுகமா இருக்கு. எத்தனைல வெச்சீங்கம்மா?"

பூங்கோதை குமிழை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மூணு" என்றார்.

"நான் அப்பவே சொன்னேன்ல!" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.