ஆர்வில் சொல்லாத எண்

ஆர்வில் ஹாகனின் கையில் ரிவால்வர் இருந்தது. இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி ஆர்டிஸ் நின்றிருந்தாள்.

“ஆர்டிஸ், விளையாடாத. கதவத் திற!”

“திறக்கத் தெரிஞ்சா இந்தக் குளிர்ல கீழ வந்து உன்கூடக் கத்திக்கிட்டு நிப்பேனா? சுவரு பூரா துப்பாக்கி மாட்டி வச்சிருக்கியே, ஒண்ண எடுத்துப் பூட்டச் சுடேன்!”

அவர் கையில் இருந்தது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஏழு குண்டு ரிவால்வர். முத்துச்சிப்பிக் கைப்பிடி, உருளையைச் சுற்றிச் செதுக்கிய கொடி. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துச் சரக்கு. சுட்டால் விரிசல் விடும் என்பதால் அந்த வீட்டில் தோட்டா என்று ஒன்று கிடையவே கிடையாது.

பல வருஷமாகத் தேடியது நேற்றுத்தான் கைக்கு வந்திருந்தது. நிம்மதியாகப் பார்க்கலாமென்று பெட்டக அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். திரும்பத் திறக்கப் போனபோது உள்பக்கத்து நெம்புகோல் கையோடு வந்துவிட்டது. ரொம்ப நாளாகவே ஆடிக்கொண்டிருந்த நெம்புகோல்தான்.

“பூட்டுக்காரன் டுலூத்துலேர்ந்து வரணும். பனியில ரோட மூடிட்டாங்களாம். நாளைக்குத்தான் வர முடியுமாம்,” என்றாள் ஆர்டிஸ்.

நாளைக்கா? துப்பாக்கிகள் துருப்பிடிக்கக் கூடாதென்று இண்டு இடுக்கெல்லாம் அடைத்துக் கட்டிய அறை அது. இப்போதே நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

“நம்பரச் சொல்லு ஆர்வில். நான் திறந்துடறேன்.”

ஆர்வில் ரிவால்வரை மெல்லக் கீழே வைத்தார். கதவின் வெளிப்பக்கத்து எண் பூட்டை வாங்கிய அன்று எண்ணை அமைத்தது அவர்தான். ‘திருடன் வந்தா உன்ன மிரட்டுவான். உனக்குத் தெரியாம இருக்கறதே நல்லது’ என்று ஆர்டிஸிடம் காரணம் சொல்லியிருந்தார்.

“இரு, யோசிக்கிறேன்.”

“வச்சவனே நீ. இதுல யோசிக்க என்ன இருக்கு? சரி, எனக்குத் தோணினதப் போட்டுப் பாக்கறேன்.”

எண் சக்கரம் சுழலும் சத்தம் கேட்டது. நின்றது. எதிர்ப்பக்கமாகச் சுழன்றது. மறுபடி நின்று, மறுபடி சுழன்றது. பிறகு ‘டக்’கென்று ஏதோ விழுந்தது.

“என்ன சத்தம்?”



“கூரைலேர்ந்து பனி சரியுது,” என்றாள் ஆர்டிஸ். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் உட்காருவது கேட்டது.

“நம்ம கல்யாண நாளா ஆர்வில்?”

“இல்ல.”

“என் பொறந்தநாளா?”

“இல்ல.”

“சரிதான். செத்துப்போன உன் நாயோட பொறந்தநாளா?”

“ஆர்டிஸ், போதும்!”

அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். வாய்விட்டுச் சொல்வதற்கு மூன்றே எண்கள்தான். ஆனால் அவை ஒரு தேதி. சொன்னால் என்ன தேதி என்று கேட்பாள்.

வருஷா வருஷம் அக்டோபரில் டெமாயினில் துப்பாக்கிச் சந்தை என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். அங்கே கோலீன் இருந்தாள். வெறுங்கையோடு திரும்பினால் சந்தேகம் வரும் என்று முதல் வருஷம் ஒரு குட்டி ரிவால்வர் வாங்கி வந்தார். அடுத்த வருஷம் இன்னொன்று. சாக்காகத் தொடங்கியது பிறகு பைத்தியமாகவே ஆகிவிட்டது. கோலீன் வேறொருவனைக் கட்டிக்கொண்டு போன பிறகும் அக்டோபர்ப் பயணம் நிற்கவில்லை. அங்கே அவருடைய மகள் வளர்ந்துகொண்டிருந்தாள்.

இங்கே ஆர்டிஸ், பிறக்காமலே போன இரண்டு பிள்ளைகளுக்காகப் பின்னிய குல்லாய்களை இன்னும் அலமாரியில் வைத்திருந்தாள்.

“அது... ஒரு ரிவால்வரோட சீரியல் நம்பர்,” என்றார்.

“எந்த ரிவால்வர்?”

சுவரைப் பார்த்தார். வரிசை வரிசையாகத் துப்பாக்கிக் குழல்களின் துளைகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. எந்தப் பெயரும் வாயில் வரவில்லை. மூச்சு இழுக்க இழுக்கப் போதவில்லை.

“ஆர்வில்? இருக்கியா?”

அந்தக் குரலில் இருந்த பயம்தான் அவரை உடைத்தது. கதவில் நெற்றியைச் சாய்த்தார்.

“ரிவால்வர் இல்ல ஆர்டிஸ். அது ஒரு பொண்ணோட பொறந்தநாள். என் பொண்ணு. டெமாயின்ல இருக்கா. பேரு ஷெல்பி. உன்கிட்டச் சொல்ல எனக்குத் தைரியம் வரல. இத்தன வருஷமா வரல.”

அவள் எழுந்து போய்விட்டாள் என்றே நினைத்தார். போனாலும் நியாயம்தான்.

“நம்பரச் சொல்லு,” என்றது குரல், கதவுக்கு மிக அருகில்.

“பத்து... பதினாலு... எண்பத்தொண்ணு. அக்டோபர் பதினாலு.”

சக்கரம் சுழலவில்லை. கைப்பிடி மட்டும் திரும்பியது. கதவு திறந்து, குளிர்ந்த காற்று அவர் முகத்தில் அடித்தது. தலை நிமிர அவருக்குத் துணிவு வரவில்லை.

ஆர்டிஸ் தன் சால்வையை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

“முதல்லயே அதத்தான் போட்டேன் ஆர்வில். நீயா சொல்லுவியான்னுதான் உக்காந்திருந்தேன்.”