ஏன் பூஜ்ஜியம் இல்லை?

“நாலு கேள்வி கேட்டு, நல்லா திட்டி அனுப்புங்க சிஸ்டர். நான் சொன்னா இவர் காதுல ஏறவே மாட்டேங்குது.”

ஆஸ்பத்திரியின் சர்க்கரை நோய் ஆலோசனை அறையில் கணவரை நாற்காலியில் உட்கார வைத்த கையோடு ஆரம்பித்துவிட்டாள் அந்த அம்மாள். அவளுக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குக் கேட்க வேண்டுமென்று கத்தியே பழகிய குரல். வெளியே பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழித்துக்கொண்டார்.

லிப்ட் வேலை செய்யவில்லை. மாடிப்படி ஏறி வந்ததில் கணவருக்குத்தான் மூச்சு வாங்கியது. அவளுக்கு இல்லை.

“அப்படி என்னம்மா பண்றார்?” என்றாள் சிஸ்டர்.

“சர்க்கரை இருக்குன்னு இவரேதான் வந்து சொன்னார். தலையெழுத்துன்னு வீட்டுல சர்க்கரை டப்பாவையே தூக்கிப் போட்டேன். பன் கிடையாது, பிஸ்கட் கிடையாது. இவர் என்னடான்னா, தையல் மெஷின் ரிப்பேர் பண்ற பெட்டிக்குள்ள கேக்கை ஒளிச்சு வைக்கிறார். ஒழுங்கா ஒளிக்கவாவது தெரியுதா? மூடி ‘ஆ’ன்னு திறந்து கிடக்குது!”

“எண்ணெய் நாத்தம் அடிக்குது. அதைத் திங்கவா முடியும்?” என்றார் கணவர் பரிதாபமாக.

“நீங்க பேசாதீங்க. நடந்துட்டு வாங்கன்னு அனுப்பினா தெருமுனை டீக்கடையில உக்காந்துக்கறார் சிஸ்டர். காவலுக்கு நானும் கூடவே போக வேண்டியிருக்கு. பூங்காவ சுத்திச் சுத்தி என் செருப்புதான் தேயுது. இப்போ புதுசா முட்டி வலின்னு ஒரு நாடகம். திட்டறீங்களோ இல்லையோ, சாயங்காலம் என்கூட நடந்தே தீரணும்னு மட்டும் அழுத்திச் சொல்லிடுங்க.”

“சரிம்மா. கொஞ்ச நேரம் வெளியில உக்காருங்க.”

“கதவ சாத்திட்டா நீங்க திட்டறது எனக்கு எப்படிக் கேக்கும்?”

முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அந்த அறையில் திட்டு கிடையாது என்பது அவளுக்குத் தெரியாது. உபதேசமும் கிடையாது. திட்டினால் ஆள் சாக்கு தேடுவான், கேட்டால் காரணம் தேடுவான் என்பது சிஸ்டர் படித்த பாடம்.

“ஐயா, நடக்கணும்ங்கிற எண்ணம் உங்களுக்கு எவ்வளவு இருக்கு? பூஜ்ஜியத்திலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க.”

“மூணு” என்றவர், மழைக்குக் குனிகிற மாதிரி தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

“பரவாயில்லையே, மூணு இருக்கே! ஏன் பூஜ்ஜியம் இல்ல?”

அவர் விழித்தார். ‘ஏன் பத்து இல்லை’ என்று கேட்டால் சொல்வதற்கு முட்டி, மழை, தெருநாய் என்று சாக்குகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். இந்தக் கேள்விக்குக் கைவசம் ஒன்றுமில்லை. வாயைத் திறந்ததும் உண்மை வந்து விழுந்துவிட்டது.

“பூஜ்ஜியம்னா நான் வீட்டுல உக்காந்துடுவேன். நான் உக்காந்தா அவளும் உக்காந்துடுவா. அவ உக்காரக் கூடாது சிஸ்டர்.”

“ஏன்?”

“சர்க்கரை அவளுக்குத்தான் இருக்கு.”

“அப்போ உங்களுக்கு?”

விரலை நீட்டினார். சிஸ்டர் குத்திப் பார்த்தாள். மறுபடியும் இன்னொரு விரலில் பார்த்தாள். ஒரு கோளாறும் இல்லை.

“அவ மாத்திரை மட்டும் போட்டுக்குவா. நடன்னா, ‘எனக்கென்ன கேடு, கல்லு மாதிரி இருக்கேன்’ம்பா. கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒரு நாள் சாப்பிடாமகூட இருந்து பாத்தேன். தனக்குன்னா ஒரு அடி எடுத்து வைக்க மாட்டா. ஆனா என்னைக் கையும் களவுமா பிடிக்கணும்னா ஊரையே சுத்துவா. அதான், அவ வியாதிய நான் எடுத்துக்கிட்டேன்.”

“அந்த கேக்?”

“மூடிய நான்தான் திறந்து வைப்பேன். அவ கண்ணுல படணுமே!”

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சிரிக்காதீங்க. தெரிஞ்சா அன்னிக்கே அவ நடை போச்சு. இந்த முட்டி வலி மட்டும் நாடகமில்ல, நிஜமாவே வலிக்குது. நான் நின்னா அவளும் நின்னுடுவாளேன்னுதான் பயமா இருக்கு.”

“என்ன செய்யலாம்னு உங்களுக்குத் தோணுது?”

அவர் யோசித்தார். “பாதி நடந்துட்டு பெஞ்சுல உக்காந்துக்கறேன். அவ மட்டும் ஒரு சுத்து போயிட்டு வரட்டும். நான் எழுந்து டீக்கடைக்கு ஓடிடுவேனோன்னு இன்னும் வேகமா சுத்துவா!”

சொன்னதும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. முட்டிக்குத் தைலம் வாங்கப் போனார்.

உடனே அம்மாள் உள்ளே வந்தாள்.

“திட்டுற சத்தமே கேக்கலையே சிஸ்டர்?”

“திட்டலம்மா. ஆனா நடப்பார். நடுவுல கொஞ்சம் உக்காந்துக்குவார்.”

அவள் திரும்பிப்போய்க் கதவைச் சாத்தினாள். அவள் குரல் முதல் முறையாகக் கதவைத் தாண்டவில்லை.

“அவருக்குச் சர்க்கரை இல்லைன்னு நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க. அது எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

“உங்களுக்கு எப்படிம்மா...?”

“அவர் தூங்கும்போது, சர்க்கரை பாக்கற என் மெஷின்ல விரலக் குத்திப் பாத்துட்டேன். கட்டிலோட தூக்கிட்டுப் போனாலும் முழிக்கிற ஆளா அவர்?”

“அப்புறம் ஏன் இவ்வளவு திட்டு?”

“திட்டறத நிறுத்திட்டு நானே நடந்தா, என்னை நடக்க வெக்கிற வேலை முடிஞ்சுதுன்னு மறுபடியும் அந்தத் தையல் மெஷினுக்குள்ள தலைய விட்டுக்குவார் சிஸ்டர். கல்யாணமான நாள்லேர்ந்து இப்பத்தான், சாயங்காலம் ஆனா என்கூட நடக்க வர்றார்.”