வாசலில் நிற்கிறவர்

கேளம்பாக்கம் அலுவலகக் கண்ணாடியைத் தாண்டி வந்த சாயங்கால வெயில் ஜெனிஃபரின் கீபோர்டில் கிடக்கிறது. கல்லூரி நண்பர்களின் மின்னஞ்சல் குழுவை நடத்துகிறவள் அவள். யார் சேர்ந்தாலும் விலகினாலும் அவளுக்கு மட்டும் அறிவிப்பு வரும். காலையில் வந்த அறிவிப்பு இன்னும் திரையில் திறந்தே இருக்கிறது: பெஞ்சமின் விலகிவிட்டார். பெஞ்சமின் அவள் கணவன், கப்பல்காரன். நாலு வரி எழுதக் கூச்சப்படுகிற ஆள். கரை தொடும் ஊரிலெல்லாம் குழுவிலிருந்து விலகி, உடனே மறுபடி சேரக் கேட்பான். நல்லா இருக்கேன் என்று சொல்ல அது அவனுடைய மிஸ்டு கால். போன வாரம் போனில் சண்டை. இன்று விலகியதோடு சரி. கீழே ஷேர் ஆட்டோக்காரர் திருப்போரூருக்கு ஆள் கூப்பிடுகிறார். “இன்னா ஜெனி, காலைலேர்ந்து அதையே பாத்துகினு கீற?” என்கிறாள் பக்கத்து இருக்கை லதா. அப்போதுதான் திரையில் புது வரி வந்து விழுகிறது: பெஞ்சமின் சேர விரும்புகிறார், அனுமதிக்கலாமா? ஜெனிஃபரின் விரல் மவுசின் மேல் அப்படியே நின்றுவிடுகிறது.

“அதான் வந்துட்டாரே, அமுக்கேன்.”

“இருக்கட்டும் லதாக்கா,” கண்ணைத் துப்பட்டாவில் ஒற்றிக்கொள்கிறாள். “கொஞ்ச நேரம் வாசல்லயே நிக்கட்டும்.”